கத்திய பெட்டியும் காலண்டர் மட்டையும்

2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். இரவு இரண்டு மணி இருக்கும். எங்கள் வீட்டில் உடுப்பு அலுமாரிக்கு மேல் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டி திடீரென்று 'பீப்... பீப்...' என்று கத்தத் தொடங்கியது. சின்னவனுக்கு அன்று காய்ச்சல். அப்போதுதான் நித்திரையாகியிருந்தான். எங்களில் ஒருவர் விடிய நாலு மணிக்கு எழும்பி வேலைக்குப் போக வேண்டும்.

"உதை நிப்பாட்டுங்கோ, பிள்ளை எழும்பப் போறான்."

"எப்பிடி நிப்பாட்டுறது? வயரைக் கழட்டவோ?"

கணனியைத் திறந்து பார்த்தால் நீளமாக ஏதோ இங்கிலீசில் எழுதியிருந்தது. பக்கத்திலேயே சத்தத்தை நிறுத்தும் பட்டனும் இருந்தது. எழுதியிருந்ததை வாசிக்கவில்லை, பட்டனை அமத்தினோம். சத்தம் நின்றது. ஆனால் பெட்டியின் முன்பக்கத்தில் செம்மஞ்சள் லைட் ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. படுத்திருக்கும்போது அது கண்ணில் குத்தியது. அடுத்த நாள் பழைய கோவில் காலண்டரின் மட்டையை எடுத்து லைட்டுக்கு முன்னால் சாய்த்து வைத்தோம். பத்து மாதம் அந்த மட்டை அப்படியே இருந்தது.

இதை எழுதுவதற்கு எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் நாங்கள் வேலை செய்வது பிளாஸ்ரிக்கை உருக்கி அச்சில் அடிக்கும் தொழிற்சாலையில். அங்கே வேலை தொடங்கும்போது ஒரு தாளில் எண்ணெயின் சூடு, தண்ணீரின் ஓட்டம், காற்றின் அமுக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். மெஷினில் லைட் எரிந்தால் நிறுத்திவிட்டு மைஸ்டரைக் கூப்பிட வேண்டும். சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு மெஷினை ஓட்டிய ஒருவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்ததை நாங்களே கண்டிருக்கிறோம். கம்பனியின் மெஷினுக்கு அவ்வளவு கவனம். எங்கள் வீட்டுப் பெட்டிக்குக் காலண்டர் மட்டை!

பெட்டிக்குள் என்ன இருந்தது?

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். 2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா ஒரு பையில் காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பொலித்தீனால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். அல்பங்கள் பாரம். அவற்றை ஒரு பிளாஸ்ரிக் பரலில் போட்டு மூடி, வளவின் மூலையில் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். "மண்ணுக்குள்ளை இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது, பத்திரமாய் இருக்கும்" என்று அப்பா சொன்னார்.

முகாமிலிருந்து 2010இல் திரும்பிப் போனபோது பரல் இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. மூடியின் ஓரத்தால் தண்ணீர் இறங்கியிருந்தது. அல்பங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. அம்மாவின் கலியாணப் படத்தில் மிஞ்சியது சேலைக் கரை மட்டும்தான்.

பிறகு ஜேர்மனிக்கு வந்து, விசா கிடைத்து, வேலையும் கிடைத்தபின் அந்தப் படங்களைத் தேடத் தொடங்கினோம். ரொறன்ரோவில் பெரியம்மா, லண்டனில் மாமா, பரிஸில் சித்தி என்று எல்லோரிடமும் கேட்டோம். ஊரிலிருந்து கடிதத்தோடு எப்போதோ அவர்களுக்கு அனுப்பிய படங்களை அவர்கள் பிரதி எடுத்து அனுப்பினார்கள். எங்கள் சொந்தப் படங்கள், மற்றவர்கள் வீட்டிலிருந்து எங்களிடம் திரும்பி வந்தன. அதோடு அகதி விண்ணப்பக் கடுதாசிகள், விசாரணையில் நாங்கள் சொன்னவற்றின் பதிவு, மொழிபெயர்த்த பிறப்புப் பத்திரங்கள், சம்பளத் துண்டுகள் என்று எல்லாவற்றையும் கணனியில் ஏற்றினோம். அப்பா 2016இல் ஊரிலிருந்து ரெலிபோனில் பேசி அனுப்பிய குரல் ஒன்றும் இருந்தது. வளவுக் கிணறு வெட்டிய கதை. நாலு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. 2018இல் அப்பா காலமானார்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்றுதான் 2019 கார்த்திகையில் இந்தப் பெட்டியை வாங்கினோம். நாஸ் என்று சொல்வார்கள். திரையும் தட்டச்சுப் பலகையும் இல்லாத ஒரு சின்னக் கணனி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே டிஸ்க்குகள் இருக்கும். இன்ரநெற் பெட்டியோடு ஒரு வயரால் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லா ரெலிபோன்களும் கணனிகளும் அதற்குள் சேமிக்கலாம். யூனிவேர்சிற்றியில் படித்துக்கொண்டிருந்த மருமகன் முறையான பெடியன் ஒரு சனிக்கிழமை வந்து பூட்டித் தந்தான். நாங்கள் சாப்பாடு கொடுத்து அனுப்பினோம். அதன்பின் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதுவும் புதைத்த பரல்தான் என்பது அப்போது விளங்கவில்லை.

இரண்டு டிஸ்க், ஒரு டிஸ்க்கின் இடம்

நாங்கள் ஓ.எல். வரைக்கும் படித்தவர்கள். எங்களுக்கு விளங்கிய மாதிரியே சொல்கிறோம்.

பெட்டிக்குள் 4 டெராபைட் டிஸ்க் இரண்டு. இரண்டையும் சேர்த்து ஒரு பொதுக் கிணறு போலாக்குவதைத்தான் ஸ்ரோரேஜ் பூல் என்கிறார்கள். அந்தப் பூலில் பாத்தி கட்டியது போலப் பிரிப்பது வோல்யூம். வோல்யூமுக்குள்தான் நாங்கள் காணும் படங்களும் கடுதாசிகளும் இருக்கின்றன.

இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தால் 8 டெராபைட் இருக்க வேண்டுமே என்று கேட்போம். எங்கள் பெட்டி காட்டியது 3.6 மட்டும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முதலில் நினைத்தோம். அப்படியில்லை. ஒரு டிஸ்க்கில் எழுதுவதை மற்ற டிஸ்க்கிலும் அப்படியே எழுதுகிறது. ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். ஆகவே இடம் ஒன்றுக்குத்தான். 4 என்பது 3.6 ஆனதற்குக் காரணம், டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். பெட்டி 1024 ஆக எண்ணுகிறது. அளவு ஒன்றுதான், படிதான் வேறு.

இப்படிப் பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறைக்கு றெயிட் என்று பெயர். அமெரிக்காவில் பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தப் பெயர் வந்தது. மலிவான டிஸ்க்குகள் பழுதாகத்தான் செய்யும், பழுதானாலும் வேலை நிற்கக்கூடாது என்பதே அவர்களுடைய எண்ணம். இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். ஒரு டிஸ்க் செத்தபின்னும் பெட்டி வழமைபோல ஓடும். படம் திறக்கும், பாட்டுப் பாடும். ஒரு வித்தியாசமும் தெரியாது. லைட்டும் சத்தமும் மட்டும்தான் செய்தி சொல்லும். அந்த இரண்டையும்தான் நாங்கள் அடைத்து வைத்தோம்.

பத்து மாதத்துக்குப் பிறகு

ஜேர்மனியின் புதிய குடியுரிமைச் சட்டம் 2024 ஆனி 27ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. எட்டு வருடம் ஐந்து வருடமானது. பழைய குடியுரிமையை விட வேண்டும் என்ற நிபந்தனையும் போனது. வேலைத்தலத்தில் எல்லோருக்கும் இதே கதைதான். நாங்களும் கடுதாசிகளைச் சேர்க்கத் தொடங்கினோம். ஆவணி மாதம் ஒரு ஞாயிறு, பிரதி எடுத்த பத்திரங்களைப் பெட்டிக்குள் போட்டால், போதிய இடமில்லை என்று வந்தது.

சரி, பிள்ளைகளின் கார்ட்டூன்களை அழிப்போம் என்று அழித்தோம். இடம் கூடவில்லை. இன்னும் அழித்தோம். அப்போதும் கூடவில்லை. அதன் பிறகுதான் வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்ரோரேஜ் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். வோல்யூம் 99 வீதம் நிறைந்திருந்தது. அதற்கு மேலே, பூலின் பெயருக்குப் பக்கத்தில், செம்மஞ்சளில் 'டிகிறேடட்' என்று இருந்தது. முதலாவது டிஸ்க் பழுதாகிப் பூலை விட்டு விலகியிருந்தது. திகதியைப் பார்த்தோம். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த அதே இரவு.

பெடியனுக்கு ரெலிபோன் எடுத்தோம். "மாமி, உங்களுக்கு ஈமெயில் வரேல்லையோ?" என்று கேட்டான். பிறகு அவனே சொன்னான், பெட்டி அனுப்பும் ஈமெயிலுக்குத் தன்னுடைய யூனிவேர்சிற்றி முகவரியைத்தான் கொடுத்தவனாம். படிப்பு முடிந்ததும் அந்த முகவரியும் முடிந்துவிட்டது. பத்து மாதமாகப் பெட்டி கடிதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, ஆளில்லாத வீட்டுக்கு.

இரண்டாவது டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கச் சொன்னான். டிஸ்க் தன்னைத் தானே சோதித்து எழுதிவைக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்மார்ட் என்று பெயர். அதில் 5ஆம் இலக்க வரியில் 212, 197ஆம் இலக்க வரியில் 48 என்று இருந்தன. வாசித்துச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மாமி, மாமாவிட்டையும் சொல்லுங்கோ. இனி ஒண்டையும் அழிக்காதேங்கோ. ரிப்பெயர் பட்டனையும் தொடாதேங்கோ. முதல் வெளி டிஸ்க் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து கொப்பி எடுங்கோ. கடுதாசியள் முதல், பழைய படங்கள் ரெண்டாவது, மற்றதெல்லாம் பிறகு."

ஏன் ரிப்பெயர் செய்யக்கூடாது என்று கேட்டோம். புதிய டிஸ்க்கைப் போட்டு ரிப்பெயர் செய்தால், மிஞ்சியிருக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் மணித்தியாலக் கணக்காக வாசிக்க வைக்கும். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை. அந்த டிஸ்க் 41 ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் ஓடியிருந்தது. வருத்தக்காரனின் தலையில் மூட்டையை ஏற்றுவது போன்ற வேலை அது. நடுவழியில் விழுந்தால் எல்லாம் போய்விடும். ஆகவே முதலில் கொப்பி.

அடுத்த நாள் கடை திறந்ததும் வாங்கி வந்தோம். கடுதாசிகள் கால் மணித்தியாலத்தில் முடிந்தன. பழைய படங்களும் வந்தன. மிச்சம் ஒரு இரவும் மறுநாள் மத்தியானமும் ஓடியது. வேலையில் நின்றவர் இடைவேளை தோறும் ரெலிபோன் எடுத்து "எத்தினை வீதம்?" என்று கேட்டபடியே இருந்தார்.

கடைசியில் ஆறு கோப்புகள் மட்டும் வாசிக்க முடியாமல் போயின. ஐந்து படங்கள். அவற்றைப் பெரியம்மாவும் சித்தியும் திரும்ப அனுப்பினார்கள். ஆறாவது, அப்பாவின் குரல்.

சகோதரங்களிடம் கேட்டோம். பழைய ரெலிபோன்களைத் தேடினோம். ஒருவரிடமும் இல்லை. எல்லோரும் "உங்களிட்டைத்தானே இருக்கு" என்று இருந்துவிட்டார்கள். நாங்களும் அதை இரண்டு தரம்தான் கேட்டிருந்தோம். "பிறகு ஆறுதலாய்க் கேப்பம், பெட்டிக்குள்ளைதானே இருக்கு" என்று நினைத்தோம். கிணறு எத்தனை முழத்தில் தண்ணீர் கண்டது என்று அப்பா அதில் சொல்லியிருந்தார். இப்போது எங்கள் இருவருக்கும் அந்தக் கணக்கு ஞாபகத்தில் இல்லை.

இப்போது என்ன செய்கிறோம்?

பழைய இரண்டு டிஸ்க்கையும் எடுத்துவிட்டு, வேறு வேறு கடைகளில் வாங்கிய புதிய டிஸ்க் இரண்டு போட்டோம். ஒரே நாளில் ஒரே கட்டில் வந்தவை ஒரே காலத்தில் பழுதாகலாம் என்பதற்காக. தொழிற்சாலைத் தாளைப் போலவே ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு, தேத்தண்ணி குடித்த பிறகு பத்து நிமிடம். எழுதுவது இவைதான்:

ஒன்று, பூலின் நிலை. 'ஹெல்தி' என்று இருக்க வேண்டும். வேறு எந்தச் சொல் இருந்தாலும் அன்றைக்கே விசாரிக்க வேண்டும்.

இரண்டு, எத்தனை வீதம் நிறைந்திருக்கிறது. 80 வந்தால் நாங்கள் யோசிக்கத் தொடங்குவோம். 90 வரை விடமாட்டோம். முற்றாக நிறைந்தால் பெட்டி மந்தமாகும். புதிதாக எழுதவே மறுக்கவும் கூடும். அழித்தும் இடம் கூடாததற்கான காரணமும் பிறகுதான் தெரிந்தது. அழித்தவை குப்பைக்கூடையில் கிடந்தன. அத்தோடு ஸ்னாப்ஷொட் என்று, பெட்டி இடைக்கிடை எடுத்து வைக்கும் பழைய நிலையின் பதிவும் இருந்தது. அந்தப் பதிவில் இருக்கும் கோப்பை நாம் அழித்தாலும் அதன் இடம் விடுபடாது. கூடையை வெறுமையாக்கி, பழைய பதிவுகளைக் குறைத்தால்தான் இடம் வரும். இரண்டு ரெலிபோனும் ஒரே வீடியோவைத் தனித்தனியே ஏற்றியிருந்ததையும் கண்டோம்.

மூன்று, ஒவ்வொரு டிஸ்க்கின் ஸ்மார்ட் கணக்கில் 5, 197, 198 ஆகிய வரிகள். 5 என்பது பழுதாகி ஒதுக்கப்பட்ட துண்டுகள். 197 வாசிக்க முடியாமல் தவணையில் நிற்பவை. 198 சோதனையிலும் தேறாதவை. பூச்சியமாக இருந்தால் நல்லது. போன மாதத்தை விடக் கூடியிருந்தால் புதிய டிஸ்க்குக்குக் காசு சேர்க்க வேண்டும். கொப்பியில் எழுதுவது அதற்காகத்தான். ஒரு நாள் பார்த்தால் கூடியதா குறைந்ததா என்று தெரியாது.

நான்கு, சூடு. எங்கள் டிஸ்க்குகள் 35க்கும் 40க்கும் இடையில் நிற்கின்றன. அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி, காற்றுப் படும் இடத்தில் வைத்த பிறகுதான் இந்த அளவு.

ஐந்து, ஈமெயில். பெட்டியில் சோதனைக் கடிதம் அனுப்பும் பட்டன் இருக்கிறது. அதை அமத்தி, எங்கள் இருவரின் ரெலிபோனுக்கும் கடிதம் வருகிறதா என்று பார்ப்போம்.

இவற்றை விட மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூல் முழுவதையும் வாசித்துச் சரிபார்க்கும் வேலையையும் பெட்டியிடம் கொடுத்திருக்கிறோம். ஸ்க்ரப் என்பார்கள். பல வருடம் திறக்காத படத்தின் பழுது அப்போதுதான் வெளியில் வரும்.

ஆனால் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் போதாது. கூகிள் நிறுவனத்து ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதற்பிழை காட்டிய டிஸ்க், பிழை காட்டாததை விட, அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு என்று கண்டார்கள். அதே கட்டுரையில், பழுதான டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை எந்த முன்னறிகுறியும் காட்டவில்லை என்றும் இருக்கிறது. ஆகவே அறிகுறி வந்தால் ஓட வேண்டும். வராவிட்டாலும் நம்பியிருக்கக் கூடாது. இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள். தீ, தண்ணீர், கள்ளர், கைதவறி அழிப்பது, இவை எல்லாம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

அதனால் வேறு நகரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தோடு ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம். எங்கள் கொப்பி டிஸ்க் ஒன்று அவர்கள் வீட்டில். அவர்களுடையது எங்கள் வீட்டில். இரண்டுக்கும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறது. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலுக்குப் போகும்போது சந்தித்து, புதிய கொப்பியைக் கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வோம். இது எங்கள் சனத்துக்குப் புதிய புத்தி இல்லை. பெரியம்மாவிடமும் சித்தியிடமும் படங்கள் இருந்தபடியால்தானே எங்கள் முகங்கள் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தன! பரலுக்குள் வைத்தவை போய்விட்டன; பகிர்ந்து கொடுத்தவை தப்பின.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் இப்படி ஒரு பெட்டி வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அது காசுச் செலவு. லாச்சிக்குள் கிடக்கும் சின்ன டிஸ்க்குக்கும், பழைய ரெலிபோனுக்கும் இதே கதைதான். விசாரணைக் கடுதாசியும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் இன்றைக்கே இன்னொரு கொப்பி எடுங்கள். வயதானவர்களின் குரல் இருந்தால் அதை நாலு பேருக்கு அனுப்பிவிடுங்கள்; வைத்திருந்து பிறகு கேட்கலாம் என்று இருக்காதீர்கள்.

பெட்டி வைத்திருப்பவர்கள் இந்த இதழை மடித்து வைத்துவிட்டுப் போய் லைட்டைப் பாருங்கள். ஈமெயில் யாருடைய முகவரிக்குப் போகிறது என்றும் பாருங்கள். விளங்காவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். எங்கள் நகரத்தில் இருப்பவர்களுக்கு ஞாயிறு பின்னேரங்களில் வந்து பார்த்துத் தருவோம். பெரிய படிப்பு எங்களிடம் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும்.

காலண்டர் மட்டையை எறிந்துவிட்டோம்.